நாக்குல வச்சேனா

நாக்குல வச்சேனா, வைக்கலையா. வச்சிருப்பேன். வைக்காம எப்படிக் கிழிச்சிருப்பேன். இருபத்திமூணு வருசக் கண்டக்டர் வேலையில விரலை எச்சில் தொடாம ஒரு டிக்கெட் கிழிச்சதில்ல, இந்த ஒருத்தனுக்கு மட்டும் தொடாமலா கிழிச்சிருக்கப் போறேன். ஆனா மாஸ்க் மூக்குமேலதான இருக்கு, அதை இறக்குனாத்தான நாக்குல தொட முடியும், இறக்குன ஞாபகம் இல்லையே. ஞாபகம் இல்லைன்னா இறக்கலைன்னு ஆயிருமா. காலையில வண்டிச் சாவியை எந்தப் பையில போட்டேன்னுகூடத்தான் ஞாபகம் இல்ல, சாவி இல்லாமப் போயிருச்சா என்ன. கை தன்பாட்டுக்குச் செய்யும். இடது கை மாஸ்க்கை ஒரு இழு இழுக்கும், வலது கட்டைவிரல் நாக்குக்குப் போய்ட்டு வரும், டிக்கெட் கிழியும், மாஸ்க் ஏறிரும், எல்லாம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள. எச்சில் தொடக்கூடாதுன்னு டிப்போவுல ஆளுக்கொரு டப்பா குடுத்தாங்க, உள்ளே நனைச்ச ஸ்பாஞ்சு. வெயிலுக்கு அது காஞ்சு அப்பளமாக் கிடக்கு. காலையில தண்ணி ஊத்திருக்கணும். ஊத்தலை. சோம்பேறி நாயே, ஒரு மடக்குத் தண்ணி ஊத்த உனக்கு என்ன வலிச்சுது. பதினொண்ணு பத்துக்கு விருதுநகர்ல எடுத்த வண்டி, அருப்புக்கோட்டைக்கு முக்கா மணி நேரம், ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள டிக்கெட் போட்டு முடிச்சிரணும்னு வேகமா வந்தேன். மூணாவது சீட்டு ஜன்னலோரம் அவன் உக்காந்திருந்தான். முப்பது வயசு இருக்கும், சவரம் பண்ணாத மூஞ்சி, மடியில ஒரு தோள்பை. பாலவநத்தம் ஒண்ணுன்னு அம்பது ரூபாய நீட்டினான். வாங்கினேன், கிழிச்சேன், குடுத்தேன். டிக்கெட்டை வாங்கக் கை நீட்டினப்ப முழுக்கைச் சட்டை மேல ஏறுச்சு. புறங்கையில ஊதா முத்திரை. தனிமைப்படுத்தப்பட்டவர்னு போட்டு, இருபத்தொண்ணாந் தேதி வரைக்கும்னு போட்டிருந்துச்சு. இன்னைக்குத் தேதி பதினொண்ணு.

அவன் தேச்சிருக்கான். எலுமிச்சம்பழமோ மண்ணெண்ணெயோ, என்னத்தையோ போட்டுத் தேச்சு தோல்தான் செவந்து கிடக்கு, மை போகல. ஓட்டுப் போட்டா விரல்ல வைக்கிற மை அது, எங்க போகும். நான் பாத்ததை அவன் பாத்துட்டான். சட்டைக் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்துவிட்டுட்டு, அண்ணேன்னு ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான். அதுக்குமேல நான் அங்க நிக்கல. அடுத்த சீட்டுக்கு நகர்ந்து, அருப்புக்கோட்டையா, சில்லறை குடுங்கன்னு கேட்டு, கிழிச்சு, பின்படிகிட்ட என் சீட்டுல வந்து உக்காந்து, அதுக்கப்புறம்தான் கையைப் பாத்தேன். அந்த அம்பது ரூபாய வாங்குனது வலது கை. டிக்கெட் கிழிச்சதும் வலது கை. நாக்குல வச்சிருந்தா அந்தக் கையத்தான் வச்சிருப்பேன். இப்ப கட்டைவிரலைப் பாக்குறேன், ஈரமா, காஞ்சிருக்கான்னு பாத்து என்ன ஆகப்போகுது, வேர்வையில கையெல்லாம்தான் ஈரம். சானிடைசர் பாட்டிலைப் பிதுக்கித் தேய்க்கிறேன், இன்னொரு தடவை தேய்க்கிறேன். வாய்க்குள்ள எப்படி ஊத்துறது. தொண்டை கரகரன்னு இருக்கே. காலையிலேயே இருந்துச்சோ. இல்ல, இப்பத்தான். எச்சில் முழுங்கிப் பாக்குறேன், வலிக்குதா, வலிக்கல, இன்னொரு தடவை முழுங்கினா வலிக்கிற மாதிரி இருக்கு.

வீட்டுல ஜெயக்கொடி இந்நேரம் சமைச்சு முடிச்சிருப்பா. உப்பில்லாம அவளுக்கு ஒண்ணு, உப்போட எனக்கு ஒண்ணு, ரெண்டு சட்டி. ரெண்டு வருசமா கிட்னி இல்லாத மனுசி. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி நேரம் மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் அவ உயிரோட இருக்கா. நாளைக்கு வெள்ளி. காலையில ஆறரைக்கு எக்ஸெல் வண்டியில பின்னால உக்கார வச்சு, ஒரு கையால என் இடுப்பைப் பிடிச்சுக்கடின்னு சொல்லிக் கொண்டுபோய் விடணும். ஊரடங்கு போட்டப்பவே டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. நீங்க நாலு இடம் போறவரு, உங்க சம்சாரத்துக்கு இந்த நேரத்துல ஒரு காய்ச்சல் வந்தாலும் தாங்காது, எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. அன்னையில இருந்து வீட்டுக்குப் பின்வாசல் வழியாத்தான் போறேன். கொல்லையில ரெண்டு வாளி சுடுதண்ணி வச்சிருப்பா. காக்கிச் சட்டையைச் சோப்புத் தண்ணியில முக்கிட்டு, குளிச்சு, துண்டைக் கட்டிக்கிட்டு, ஈரத் தலையோட உள்ள போவேன். அவ கூடத்துல, நான் ரேழியில. ரெண்டு மாசமா பொண்டாட்டி பக்கத்துல படுக்காத மனுசன் நான். எல்லாம் எதுக்கு. ஒரு டப்பாவுக்குத் தண்ணி ஊத்தாமப் போறதுக்கா. அவ தம்பி தனுஷ்கோடிகிட்ட ஆட்டோ இருக்கு, நீ கொஞ்ச நாளைக்கு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்யான்னு மறுபடி பஸ் விட்டதும் கேட்டேன். கோவிச்சுக்கிடாதீக அத்தான், நீங்க நாலு ஊர் ஆள்கிட்ட கை நீட்டி வாங்குறவரு, எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்குன்னான். எனக்கு வந்துச்சே கோவம். எங்கக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியாதடான்னு போனை வச்சேன். இப்ப நினைச்சா அவன் சொன்னதுல என்ன தப்பு.

விசிலைத் தொட்டுப் பாக்குறேன். ஒரு விசில் குடுத்தா வண்டி நிக்கும், ரெண்டு குடுத்தா போகும். ஒரே ஒரு விசில். நிப்பாட்டிட்டு, யப்பா இந்த ஆளு கையில முத்திரை இருக்கு, யாரும் இறங்காதீகன்னு சொல்லணும். அப்படித்தான் உத்தரவு. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, நான்தான் எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன், என் குரல் கணீர்னு இருக்கும்னு. முத்திரை உள்ள பயணி தென்பட்டா வண்டியை ஓரங்கட்டி உடனே தகவல் குடுக்கணும். குடுத்தா என்ன ஆகும். ஆம்புலன்ஸ் வரும், சுகாதார ஆபீஸ்காரங்க வருவாங்க, முப்பத்தோரு பேரையும் என்னையும் டிரைவரையும் அள்ளிக்கிட்டுப் போய் ஏதாவது ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல போடுவாங்க. பதினாலு நாள். நாளைக்கு வெள்ளி. அப்புறம் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, இன்னொரு செவ்வாய். நாலு தடவை. ஒரு தடவை தவறினாலே அவளுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிச்சிரும். நாலு தடவை தவறினா கணக்கே இல்ல. யாரும் வெளிய வராம வீட்டு வாசலை மறிச்சுத் தகரம் அடிச்சிருவாங்க. தகரத்துக்கு உள்ள அவ, காலேஜ்ல நான். எங்க தெருவுல மூணாவது வீட்டுக்கு அடிச்சாங்களே, அந்தத் தகரத்துக்குக் கம்பு பிடிச்சது யாரு, நான்தான். இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கப்பான்னு சொன்னதும் நான்தான். ரெண்டு நாள் கழிச்சுத் தகரத்துக்கு மேல ஒரு கை தெரிஞ்சுது, சார் ஒரு பால் பாக்கெட் வாங்கித் தர முடியுமான்னு அந்த வீட்டுக்காரரு கேட்டாரு. காதுல விழாத மாதிரி நடந்தேன். கேக்குதுல்ல உங்களுக்குன்னு ஜெயக்கொடி கேட்டா. உன்னாலதாண்டி, உனக்காகத்தான் போறேன்னேன். அவதான் அப்புறம் ஒரு குச்சியில பையைக் கட்டித் தகரத்துக்கு மேல நீட்டினா. ரெண்டு நாள் அவகூட நான் பேசல.

விசில் உதட்டுக்குப் போயிருச்சு. எடுத்துட்டேன். கையால தொட்ட விசில். இதையும் வாயில வச்சாச்சு, போ. வண்டி குலுங்குது, டிரைவர் காசிராஜன் பள்ளம் பாத்து ஓட்டுற ஆளு, இன்னைக்கு என்னமோ கண்ணு தெரியாத மாதிரி விடுறாரு. ஆளுகளைப் பாக்குறேன். ஒருத்தருக்காவது பயம் இருக்கா. மாசத் தொடக்கத்துல மறுபடி பஸ் விட்ட அன்னைக்கு மாஸ்க் இல்லாம ஏறாதன்னு படியில நின்னு மறிச்சேன். ஒருத்தன் போட்டுக்கிட்டு ஏறுவான், ஏறினதும் கழட்டி ஜன்னல் வழியா கீழ நிக்கிறவன்கிட்ட குடுப்பான், அதைப் போட்டுக்கிட்டு அவன் ஏறுவான். ஒரே மாஸ்க்ல மூணு பேரு ஏறினதை என் கண்ணால பாத்தேன். கேட்டா, ஏறத்தான மாஸ்க் கேட்டீக, ஏறியாச்சுல்லங்கிறான். பெருக்கல் குறி போட்ட சீட்டுல உக்காராதம்மான்னா, குறி மேல துண்டை விரிச்சு உக்காந்துட்டு இப்ப குறி எங்க இருக்குன்னு கேக்குறா ஒருத்தி. இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டி விட்டதுன்னு ஒருத்தர், மிளகு ரசம் குடிக்கிறவனை ஒண்ணும் பண்ணாதுன்னு ஒருத்தர். உங்களுக்கெல்லாம் பட்டாத்தாண்டா தெரியும்னு கத்தினேன். கண்டக்டர் நல்ல மனுசன், ஆனா சிடுமூஞ்சின்னு பேசிக்கிறாங்க, பேசட்டும். என் வீட்டுல மிஷின்ல ஒருத்தி படுத்திருக்கான்னு இவங்ககிட்ட போயா சொல்ல முடியும். ஆனா அன்னைக்கு மறிச்ச வாய்க்கு இன்னைக்கு என்ன வந்துச்சு. இந்தா இவனுக்கு நேர் பின்னால ஒரு பொண்ணு, நாலு வயசுப் பாப்பா, அது முன்சீட்டுக் கம்பியில கன்னத்தை வச்சு வேடிக்கை பாத்துக்கிட்டு வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல கம்பியை நக்கும். பிள்ளைக நக்கும். சீட்டு மாறி உக்காரும்மா, இங்க பின்னால வாம்மான்னு கூப்பிட்டுட்டேன். ஏன்ணேன்னு கேட்டா. வெயில் அடிக்குதுல்லன்னேன். இல்லண்ணே, இங்கதான் காத்து வருதுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா. காத்துதாம்மா வருது, எங்க பட்டு வருதுன்னு உனக்குத் தெரியுமா. சொல்லுடா. சொல்லல.

அவன் இருமவே இல்ல. அதுதான் இன்னும் பயமா இருக்கு. இருமாம இருக்கானா, இருமலை அடக்குறானா. தோள் ரெண்டும் ஒரு தடவை மேல ஏறி அப்படியே நின்னுச்சு, கழுத்து நரம்பு புடைச்சுது, தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டான். அவன் தோளைப் பாத்து நானும் மூச்சைப் பிடிச்சிருக்கேன், எவ்வளவு நேரமோ, கண்ணு இருட்டுச்சு. மெட்ராஸ்ல இருந்து வந்திருப்பான். வழியில பிடிச்சு எங்கயாவது கேம்ப்ல போட்டிருப்பாங்க, அங்க ஒருத்தன் ராத்திரியில செத்திருப்பான், இவன் பாத்திருப்பான், பாலிதீன் பையில சுத்திக் கொண்டுபோனா அம்மாவுக்கு மூஞ்சிகூடக் காட்ட மாட்டாங்கன்னு சுவரேறிக் குதிச்சிருப்பான். இதெல்லாம் நானாக் கட்டுறது. எனக்கு என்ன தெரியும். ஒருவேளை அவனுக்கு நோயே இல்லாம இருக்கலாம், வந்த ஆள் எல்லாருக்கும்தான முத்திரை குத்துறான். இல்லாமத்தான் இருக்கும். அப்ப ஏன் சானிடைசரை மறுபடி எடுக்குற. உக்காந்த இடத்துல இருந்தே அவனைச் செருப்பால அடிக்கணும்போல இருக்கு. உனக்கு ஏற வேற வண்டியே கிடைக்கலையாடா, நடந்து போனா என்ன, கால் தேஞ்சிருமா. அண்ணேன்னு கூப்பிட்டானே, அது வேற காதுக்குள்ளயே நிக்குது. பாலவநத்தம் வந்துருச்சு. யாரும் கேக்கல, நானாத்தான் விசில் குடுத்தேன், ஒண்ணு. வண்டி நின்னுச்சு. இப்ப சொல்லலாம், இதுதான் கடைசி, படியில அவன் இறங்குறதுக்குள்ள சட்டையைப் பிடிக்கலாம். பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒருத்தர் மேலயும் படாம ஒடுங்கி ஒடுங்கிப் பின்படிக்கு வந்தான். என்னைத் தாண்டும்போது நான் கம்பியோட கம்பியா ஒட்டிக்கிட்டேன். கீழ இறங்கி நின்னு என்னைப் பாத்து ஒரு கும்பிடு போட்டான். அந்தக் கும்பிட்டை நான் என்னைக்கும் மன்னிக்க மாட்டேன். ரெண்டு விசில் குடுத்தேன்.

போய்ட்டான், போய்ட்டான், அவ்வளவுதான்னு மனசு சொல்லுது. பாளையம்பட்டி வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு வந்தேன். அப்புறம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வண்டி நின்னதும் தபதபன்னு இறங்கினாங்க. ஒவ்வொருத்தரா இறங்க இறங்க எனக்கு ஒவ்வொரு கதவா திறக்குற மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு, வாறேண்ணேன்னு சொல்லிட்டு ஷேர் ஆட்டோவுல ஏறிப் போயிருச்சு. வண்டி காலியான பிறகுதான் காசிராஜன் இறங்கி வந்தாரு. ரெண்டு கையிலயும் சானிடைசரை ஊத்தி முழங்கை வரைக்கும் தேச்சாரு. என்னைப் பாக்காமலே கேட்டாரு, “பாலவநத்தத்துக்காரன் கையைப் பாத்தீகளா?” ஏறும்போது முன்படிக் கம்பியைப் பிடிச்சிருக்கான், கண்ணாடியில தெரிஞ்சிருக்கு. வண்டி எடுத்துக் கிளம்புறதுக்கு முன்னாலயே இவருக்குத் தெரியும். ஏண்ணே சொல்லலைன்னேன். மகளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம், அம்பது பேருக்கு மேல கூடாதுன்னு சொன்னதால பாதிச் சொந்தக்காரனைப் பகைச்சாச்சு, இதுல பொண்ணுக்கு அப்பனும் இல்லாமப் போனா எப்படின்னாரு. அப்புறம் என்னை ஒரு பார்வை பாத்தாரு, நீங்க ஏன் சொல்லலைன்னு அவர் கேக்கல. கேக்கணுமா என்ன. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பாத்துக்கிட்டு நின்னோம்.

ஜெயக்கொடிக்குப் போன் போட்டேன். எடுத்ததும், தண்ணி காய வைக்கவா, சீக்கிரம் வந்துருவீகளான்னு கேட்டா. வீட்டுக்கு வரல, டபுள் டூட்டின்னு ஒரு பொய்யை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். வாயில வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். முத்திரை, அம்பது ரூபா, கட்டைவிரல், நாக்குல வச்சேனா வைக்கலையான்னு தெரியலடி, எனக்குப் பயமா இருக்குடி, பதினாலு நாளைக்கு நான் உன் பக்கம் வரமாட்டேன், இங்கயே எங்கயாவது கிடக்குறேன், தனுஷ்கோடி கால்ல வேணாலும் விழுறேன், அவன் நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும்னு ஒரே மூச்சுல சொன்னேன். அவ அழல. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன், அவன் வரலைன்னா யாரையாவது பிடிச்சுக்கிறேன், நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க முதல்லன்னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இவளைக் காப்பாத்தியாச்சு. என் வீட்டு வாசல் வரைக்கும் வந்ததை நான் மறிச்சுட்டேன். அப்படித்தான் நினைச்சேன். கரண்டியைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

“பஸ்ல வந்தவங்ககிட்ட சொல்லிட்டீகளா?”

இல்லன்னேன். எல்லாரும் இறங்கிப் போய்ட்டாங்கன்னேன்.

“அவங்க வீட்டுல யாரு யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அதட்டி ஒண்ணும் கேக்கல. சாதாரணமாத்தான் கேட்டா. எனக்கு என்ன தெரியும். இத்தனை வருசத்துல ஒரு பயணி பேரு கேட்டிருக்கேனா. எங்க ஏறினான் எங்க இறங்கினான்னு கேட்டா ஆளைப் பாத்துச் சொல்லிருவேன், வீட்டுக் கூடத்துல யாரு படுத்திருக்கா, யாரு வயித்துல பிள்ளையோட இருக்கா, அது எனக்கு எப்படித் தெரியும். வைக்கிறேன்னு சொல்லிட்டு வச்சுட்டா. திரும்பிப் பாத்தா அடுத்த நடைக்கு ஆளுக ஏற ஆரம்பிச்சுட்டாங்க. மூணாவது சீட்டு ஜன்னலோரம் ஒரு கிழவர் கைக்குட்டையால தூசியைத் தட்டிவிட்டு உக்காந்தாரு. காசிராஜன் என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாக்கல. பஸ் ஸ்டாண்டு வாசல்ல டேபிள் போட்டு சுகாதாரத் துறைப் பொண்ணு ஒண்ணு உக்காந்திருக்கும், காய்ச்சல் பாக்குற மிஷினை வச்சுக்கிட்டு. அங்க நடந்தேன். நாளைக்கு வெள்ளி, நாளைக்கு வெள்ளின்னு ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லிக்கிட்டே நடந்தேன். தகரம் அடிப்பாங்க. தனுஷ்கோடி தகரத்தைப் பாத்தா தெருவுக்குள்ளயே வர மாட்டான். திரும்பிரு, இப்பவும் திரும்பிரலாம். அந்தப் பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்கல. என் நெத்திக்கு நேரா மிஷினைக் காட்டி, பீப்னு ஒரு சத்தம் வந்ததும், நார்மல், போங்கன்னுச்சு. நான் நின்னேன். நார்மல்தான் சார், போங்க, பின்னால ஆள் நிக்குதுல்லன்னு சலிச்சுக்கிட்டுச்சு. பின்னால நின்னவரு என் தோளைத் தொட்டு நகரச் சொன்னாரு. தொடாதீகன்னேன். கை எடுத்துட்டாரு.

“எழுதிக்கம்மா,”ன்னேன். “விருதுநகர் பதினொண்ணு பத்து வண்டி. முப்பத்தோரு பேரு. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. என் பேரை முதல்ல எழுது.”